அப்படி யாரும் இங்கே இல்லை

மார்ச் 4, திங்கள்

எதிர் மாடியில் இருக்கும் என் வீட்டுச் சொந்தக்காரி இம்மா இன்று பான்ட்செரொத்தி பொரித்தாள். மாவுக்குள் சீஸும் தக்காளியும் வைத்து, மடித்து, கொதிக்கிற எண்ணெயில் போடுகிறாள், பாவி மகள். வாசனை சந்து முழுக்கச் சுற்றுகிறது. நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வேகவைத்த உருளைக்கிழங்கைத் தின்றேன்.

சும்மா விட்டாளா? தட்டோடு வந்து கதவை இடித்தாள். "ஒண்ணே ஒண்ணு, கும்மா," என்றாள், தோழியை இந்த ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "ஒண்ணு தின்னா செத்தா போயிடுவே?"

"போன மாசம் ஒண்ணுதான் தின்னேன். ஆம்புலன்ஸ்லதான் போனேன்."

"அன்னிக்கு எண்ணெய் சரியில்லடி."

எண்ணெயாம்! பித்தப்பை நிறையக் கல் என்று ஆஸ்பத்திரியில் படம் எடுத்தே காட்டினார்கள். அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் நல்ல பையன். ஊசி போட்டுவிட்டு நிதானமாகச் சொன்னான்: "வலி வந்தா வாங்க, ஊசி போடுறோம். ஆனா இது ஊசியில தீராது, சிஞ்ஞோரா. பையையே எடுக்கணும். அதுக்கு உங்க குடும்ப டாக்டர்கிட்ட சீட்டு வாங்கிட்டு வாங்க." குடும்ப டாக்டர் என்பவர் தொப்புள் மாதிரி எல்லோருக்கும் பிறக்கும்போதே இருப்பார் என்று நினைப்பு அவனுக்கு.

எனக்கு இல்லை. குடும்ப டாக்டர் வேண்டுமென்றால் சுகாதார அட்டை வேண்டும். அட்டை வேண்டுமென்றால் நான் பாரி நகரத்தில் குடியிருப்பவள் என்று நகராட்சி பதிந்து தர வேண்டும். அதற்கு இந்த நாட்டில் இருக்க அனுமதி வேண்டும். அனுமதி போன வாரம்தான் கைக்கு வந்தது. ஆறு வருஷமாக இந்த ஊர் மாடிப்படிகளைக் கழுவுகிறேன், சமைக்கிறேன், இந்த ஊர் பாஷையில் கனவுகூட வருகிறது. காகிதப்படி நான் போன வாரம் வந்து இறங்கியவள்.

சரி, இறங்கியாயிற்று. இனி ஏற வேண்டியதுதான்.

மார்ச் 6, புதன்

நகராட்சி அலுவலகம். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண், கண்ணாடிக்கு முன்னால் நான். ஜார்ஜியாவில், குட்டாயிசி ரயில் நிலையத்தில் இருபது வருஷம் டிக்கெட் கொடுத்தவள் நான். அந்தப் பக்கத்திலிருந்து "அடுத்த ஜன்னல்ல கேளுங்க" என்று எத்தனை பேரைத் துரத்தியிருப்பேன். இன்று என்னைத் துரத்தினார்கள். அடுத்த ஜன்னலில் கேட்டேன்.

அந்த ஜன்னல்காரி சொன்னது: "ஒரு காவலர் உங்க வீட்டுக்கு வருவார். எப்ப வருவார்னு சொல்ல மாட்டோம். நீங்க நிஜமாவே அங்க இருக்கீங்களான்னு பார்ப்பார். நீங்க வேலைக்குப் போயிருந்தா அக்கம்பக்கத்துல விசாரிப்பார். கதவுல உங்க பேர் கட்டாயம் இருக்கணும்."

இதுதானா? அக்கம்பக்கம் என்றால் எனக்குப் பஞ்சமே இல்லையே.

வீட்டுச் சொந்தக்காரி என்று இம்மா கையெழுத்துப் போட்டாள். போட்டதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அட்டை கைக்கு வரும்வரை ஒருத்தரிடமும் மூச்சு விடக் கூடாது, கண்பட்டுவிடும் என்றேன். இம்மா வாயில் ரகசியம் தங்காது. ஆனால் கண்ணேறு விஷயத்தில் பாரிக்காரர்களும் எங்கள் ஜார்ஜியாக்காரர்களும் ஒரே சாதி. செத்துப்போன கணவர் படத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தாள்.

மார்ச் 7, வியாழன்

ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதி, பசை தடவி, கதவில் ஒட்டினேன். நதேலா லோமிட்ஸே.

ஆறு வருஷத்தில் என் பெயரை வெளியே எங்கும் எழுதியதில்லை. தள்ளி நின்று பார்த்தேன். கொஞ்சம் கோணலாக இருந்தது. இருக்கட்டும்.

மார்ச் 12, செவ்வாய்

எதிர் வீட்டு சபீனோ, ஆக்டோபஸ் விற்கிறவன், கதவைப் பார்த்துவிட்டு, "என்ன நதேலா, தபால்காரன் மேல ஆசையா?" என்றான். சிரித்து மழுப்பினேன்.

இந்தச் சந்து பற்றி என்றைக்காவது எழுதி வைக்க வேண்டும். சீருடை போட்ட எவன் சந்துமுனையில் தெரிந்தாலும் ஒரு விசில் கேட்கும். யார் அடிக்கிறார்கள் என்று இன்றுவரை தெரியாது. அப்புறம் சந்தில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. இங்கே குடி வந்த முதல் வருஷம், வெளிநாட்டுப் பெண் யாராவது இருக்கிறாளா என்று போலீஸ் கேட்டது. நான் உள்ளே கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் மூச்சை அடக்கி நின்றுகொண்டிருந்தேன். வெளியே சபீனோவின் குரல்: "வெளிநாடா? சார், எங்க சந்துல மீன்கூட உள்ளூர்தான்."

அன்றைக்கு அந்தக் குரல் மட்டும் இல்லை என்றால் இன்று நான் குட்டாயிசியில் இருந்திருப்பேன்.

மார்ச் 29, வெள்ளி

மறுபடி வலி. பால் விட்ட காபிகூட ஆகவில்லை.

ஏப்ரல் 17, புதன்

எழுதியே ஆகணும், இல்லைன்னா யார் மண்டையையாவது உடைச்சிடுவேன்.

மத்தியானம் வேலை முடிந்து வந்தேன். கதவில் பெயர் இல்லை. கிழித்த பசை மட்டும் இருந்தது. காற்றோ என்று குனிந்து தேடிக்கொண்டிருந்தேன். சபீனோ ஓடி வந்தான், முகமெல்லாம் பல்.

"கவலைப்படாதீங்க, போயிட்டான்! காப்பாத்திட்டேன்!"

"யாரு போயிட்டான்?"

"நகராட்சிக் காவலன்! ஒல்லியா, கையில ஃபைலோட. விசில் கேட்ட உடனே பாய்ஞ்சு போய் உங்க பேரைக் கிழிச்சு வாயில போட்டுக்கிட்டேன். முழுங்கிட்டேன்னே வச்சுக்குங்க! உங்க பேரைச் சொல்லிக் கேட்டான். அப்படி யாரும் இங்க இல்லன்னுட்டேன்."

படியில் உட்கார்ந்துவிட்டேன். அதற்குள் எல்லோரும் வந்துவிட்டார்கள். ஒவ்வொருத்தருக்கும் தன் சாமர்த்தியத்தைச் சொல்ல அவ்வளவு அவசரம். பக்கத்து வீட்டு செரஃபீனா, அந்த அறையில் பழைய கட்டில்தான் போட்டிருக்கிறது என்று சொன்னாளாம். ரொட்டிக்கடைக்காரர், அந்தப் பெயரை உச்சரிக்கவே வராது என்று சொன்னாராம். தெருமுனைக் கத்தோலிக்கக் கோயில் சாமியாரைக்கூட விடவில்லை அந்தக் காவலன். சாமியார், "என் பங்குல அப்படி யாரும் இல்லை" என்றாராம். நான் ஆர்த்தடாக்ஸ், அவர் பங்கில் இல்லை, ஆகவே அது பொய்யில்லையாம்! கர்த்தர் கணக்குப் பார்த்துக்கொள்ளட்டும்.

இம்மா எங்கே? தலைக்குச் சாயம் பூசப் போயிருந்தாள். பாதிச் சாயத்தோடு வந்து நின்று கேட்டாள்.

"டேய் மடையனுங்களா," என்றாள். "அவளை நாடு கடத்த வரலைடா. அவ இங்க இருக்கான்னு எழுதிக்கிட்டுப் போக வந்தான். அவளுக்கு ஆபரேஷன் பண்ணணும்டா!"

"அதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்று சபீனோ கத்தினான்.

"சத்தியம் பண்ணிட்டேனே!"

பிறந்ததிலிருந்து ஒரு ரகசியத்தையும் காக்காதவள் இந்த ஒன்றைக் காத்தாளே. என்னைத்தான் சொல்லணும், என் வாயைத்தான் தைக்கணும். கண்பட்டுடும், கண்பட்டுடும்னு... கண்ணே படலை, இவங்க அன்புதான் பட்டுது.

சபீனோ வாசலிலேயே நின்றான். அவனைத் திட்ட வாயெடுத்தேன். அவன் அழுதுகொண்டிருந்தான், அவ்வளவு பெரிய ஆள். திட்டவில்லை.

ஏப்ரல் 18, வியாழன்

மறுபடி நகராட்சி, இரண்டாவது ஜன்னல். காவலர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: ஆள் இல்லை, கதவில் பெயர் இல்லை, அக்கம்பக்கத்தாருக்குத் தெரியாது.

எனக்கு முன்னால் நின்ற மனிதர் ஜன்னல்காரியிடம் கத்தோ கத்து என்று கத்தினார். அவள் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்துகிறவர்களுக்கு நானும் ஒன்றுமே செய்து கொடுத்ததில்லை, அதனால் எனக்குத் தெரியும். என் முறை வந்ததும் முதலில் காலை வணக்கம் சொன்னேன். அப்புறம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன், சபீனோ பெயரை வாயில் போட்டுக்கொண்டது வரை. அவள் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் திரும்பிக்கொண்டாள்.

"நிராகரிக்கப் போறோம்னு ஒரு கடிதம் வரும். பயப்படாதீங்க. வந்த உடனே பதில் எழுதுங்க, இன்னொரு தடவை வந்து பாக்கணும்னு கேளுங்க. ஆனா சிஞ்ஞோரா, ரெண்டாவது தடவையும் இதே மாதிரி ஆச்சுன்னா எல்லாம் முதல்லேர்ந்துதான்."

முதலிலிருந்து என்றால் குளிர்காலம் வந்துவிடும். இந்தக் கல் அதுவரை பொறுக்குமா?

மே 2, வியாழன்

பொறுக்கவில்லை. நாலு நாளாக ஆஸ்பத்திரி. காய்ச்சல், கண்ணெல்லாம் மஞ்சள். அதே பையன்தான் டாக்டர். "அடுத்த தடவை இப்படி வந்தீங்கன்னா எனக்கே பயமா இருக்கு," என்றான். "அந்தச் சீட்டு எங்க?"

எங்கேயா? நான் இந்த ஊரில் இருக்கிறேன் என்று முதலில் நிரூபிக்க வேண்டாமா, தம்பி! உன் கட்டிலில் மஞ்சள் பூசினாற்போல் படுத்திருக்கிறேன், நான் இங்கே இல்லையாம்.

வீட்டுக்கு வந்தால் அந்தக் கடிதம் காத்திருந்தது. இம்மா சொல்லச் சொல்ல நான் பதில் எழுதினேன். அவள் போடச் சொன்ன ஆச்சரியக்குறிகளை எல்லாம் எடுத்துவிட்டு அனுப்பினேன்.

மே 8, புதன்

நிக்கோலா புனிதரின் திருவிழா. சிலையைப் படகில் ஏற்றிக் கடலுக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் ஊரிலும் இவர் பெரிய சாமிதான், அதனால் பாரபட்சம் பார்க்க மாட்டார் என்று நம்பி, கூட்டத்தில் நின்று ஒரே ஒரு விண்ணப்பம் போட்டேன்: இன்னொரு தடவை அந்த ஒல்லிக் காவலனை அனுப்பு, சாமி.

சாயங்காலம் இம்மா சந்து ஆட்களைக் கூட்டிவைத்து ஒத்திகை நடத்தினாள். சபீனோவின் தொப்பியைப் போட்டுக்கொண்டு அவளே காவலர். ஒவ்வொரு வாசலாக நின்று மிரட்டினாள்: "நதேலா லோமிட்ஸே இங்க இருக்காங்களா?"

"தெரியா... இருக்காங்க, இருக்காங்க!" என்றாள் செரஃபீனா.

ரொட்டிக்கடைக்காரர் நேராகவே, "எனக்கு எதுவும் தெரியாது, நான் ரொட்டி சுடுறேன்" என்றுவிட்டார். இம்மா தொப்பியைக் கழற்றி அவர் மேல் எறிந்தாள்.

சபீனோதான் மிக மோசம். தொப்பியைப் பார்த்ததுமே அவன் முகம் இறுகி, தோள் உயர்ந்து, உதடு பிதுங்கிவிடும். "நதேலாவா? யார் அது?" நாலு தடவை முயற்சி செய்தான், நாலு தடவையும் அதேதான். கடைசியில் தலையில் கை வைத்துக்கொண்டான். "என் அப்பாவும் இப்படித்தான், அவரோட அப்பாவும் இப்படித்தான். எங்க வாய்ல சீருடைக்கு 'ஆமா' வந்ததே இல்ல, நதேலா."

வலியோடு சிரித்தேன். சிரித்தாலும் வலிக்கிறது இப்போது.

மே 23, வியாழன்

வந்துவிட்டான்! வந்துவிட்டுப் போய்விட்டான்! முதலிலிருந்து எழுதுகிறேன்.

காலையில் வேலைக்குப் போகவில்லை, வலி. கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன், விசில் கேட்கிறது. பழக்க தோஷத்தில் எவனோ அடித்துவிட்டான். உடனே மாடி ஜன்னலில் இருந்து இம்மாவின் குரல், துறைமுகம் வரை கேட்டிருக்கும்: "விசில் அடிச்சவன் விரலை ஒடிப்பேன்! இது நம்ம காவலர்டா!"

கதவுகள் எல்லாம் திறந்தன. நான் வெளியே வந்தபோது அந்த ஒல்லி மனிதர் சந்தின் நடுவில் ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். சுற்றிலும் சந்தே நின்றது. பாவம், பயந்தே போயிருந்தார்.

"நதேலா லோமிட்ஸேங்கிறவங்க இங்க..."

"இருக்காங்க!"

அவர் முடிக்கவே இல்லை. சபீனோ எல்லோரையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தான். அவனுக்கு வியர்த்துக் கொட்டியது. "இங்கதான் இருக்காங்க. பொறந்ததிலேர்ந்து இங்கதான்!"

"குட்டாயிசில பொறந்ததா எழுதியிருக்கே."

"அதுக்கப்புறம்!"

காவலர் அவனை உற்றுப் பார்த்தார். "உங்களை எனக்கு ஞாபகம் இருக்கு. போன மாசம் இதே வாசல்ல நின்னு கேட்டேன். அப்படி யாரும் இங்க இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க?"

சபீனோ என்னைப் பார்த்தான், இம்மாவைப் பார்த்தான். "அன்னிக்கு... நீங்க கேட்ட விதம் சரியில்லை," என்றான்.

யாரும் சிரிக்கவில்லை, காவலரும்தான். அவர் ஃபைலை மூடினார். "பாருங்க, அன்னிக்கு எல்லாரும் ஒரே வாயா இல்லன்னீங்க. இன்னிக்கு எல்லாரும் ஒரே வாயா இருக்காங்கன்னு சொல்றீங்க. நான் எதை நம்புறது? காகிதத்துக்காகப் பேரை மட்டும் ஒரு வீட்டுல பதிஞ்சுட்டு வேற எங்கயோ இருக்கிறவங்களை நான் வாரத்துக்கு ரெண்டு பேர் பாக்குறேன்."

போச்சு, என்று நினைத்தேன். உள்ளே கூப்பிட்டுக் கட்டிலைக் காட்டலாம், ஊறுகாய் ஜாடிகளைக் காட்டலாம். கட்டிலை யார் வேண்டுமானாலும் போடலாமே.

அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். "சிஞ்ஞோரா, நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது," என்று என்னை ஓரமாக நிறுத்தினார். கூட்டத்தைப் பார்த்து, "இவங்க இங்க இருக்காங்கன்னு சொல்றீங்களே, இவங்களைப் பத்திச் சொல்லுங்க பாப்போம்" என்றார்.

அவ்வளவுதான். அணை உடைந்தது.

"பச்சை அங்கி, ஒரு பை கிழிஞ்சிருக்கும், ஞாயித்துக்கிழமை துவைச்சுப் போடுவாங்க!" "புறாவை அவங்க பாஷையில திட்டுவாங்க, அதுங்களும் புரிஞ்சுக்கிட்டுப் போயிடும்!" "சீஸ் வச்சு ரொட்டி சுடுவாங்க, என் கடை ரொட்டியை விட நல்லாயிருக்கும், அதை நான் இங்க சொல்லியிருக்கக் கூடாது!" "பாத்திரம் கழுவும்போது பாடுவாங்க." "பாட்டுன்னு சொல்லாதே, அது அழுகை மாதிரி இருக்கும்." "இல்ல, அது கல்யாணப் பாட்டாம், எனக்குச் சொல்லியிருக்காங்க!" நான் உள்பாவாடையைத் துவைக்கிற கல்லடியில் நனைய வைத்து மறந்துபோன கதைகூட வந்தது. பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

காவலர் கையை உயர்த்தினார். அப்போதுதான் செரஃபீனா பேசினாள். அவள் அதிகம் பேசாதவள், நாள் முழுக்கத் தையல் மெஷினோடு இருப்பவள். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான்.

"ராத்திரி இவளுக்கு வலி வரும், சார்," என்றாள். "கட்டிலை விட்டு எழுந்து நடப்பா. செருப்புச் சத்தம் கேக்கும். யாரையும் எழுப்ப மாட்டா, அழுத்தக்காரி. அந்தச் சத்தம் நிக்கிற வரைக்கும் நான் படுக்கிறதில்ல. சட்டுனு நின்னுட்டா சுவத்துல காதை வச்சுக் கேப்பேன். மூச்சு கேட்டாத்தான் போய்ப் படுப்பேன்."

எனக்கு இது தெரியாது. மூன்று வருஷமாக, வலி வரும் ராத்திரிகளில், அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் தனியாக நடக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வாயில் அங்கி நுனியை வைத்து அழுத்திக்கொண்டேன், ஆனாலும் விம்மல் வெளியே வந்துவிட்டது. பேசக் கூடாது என்றுதானே சொன்னார், அழக் கூடாது என்று சொல்லவில்லையே.

காவலர் ஃபைலைச் சபீனோவின் முதுகில் வைத்தே எழுதினார், கையெழுத்துப் போட்டார். "இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கீங்க. போன மாசம் பேர்கூடத் தெரியாதுன்னீங்களே?"

"அது வேற கேள்வி, சார்," என்றாள் இம்மா. "காபி குடிக்கிறீங்களா?"

குடித்தார். பெயர் லத்தோரேயாம். அவர் தங்கை வீட்டில் ஈரப்பதம் ஏறுகிறதாம். காபி முடிவதற்குள் எல்லாம் கறந்துவிட்டாள் இம்மா.

ஜூன் 3, திங்கள்

பதிவாகிவிட்டது. நதேலா லோமிட்ஸே, பாரி நகரக் குடியிருப்பாளர். ஜன்னல்காரி எழுந்து நின்று கை கொடுத்தாள். நான் என் காலத்தில் யாருக்கும் எழுந்து நின்றதில்லை.

சபீனோ பித்தளைத் தகட்டில் என் பெயரைப் பொறித்து வாங்கி வந்து, கதவில் வைத்து, மூலைக்கு மூலை திருகாணி முடுக்கினான். ஆட்டிப் பார்த்தான். "இனிமே நானே நினைச்சாலும் கிழிக்க முடியாது," என்றான்.

ஜூன் 6, வியாழன்

சுகாதார அலுவலகம். தனியாகப் போகிறேன் என்றேன், கேட்டால்தானே? இம்மாவும் சபீனோவும் கூடவே வந்தார்கள்.

போகிற வழியெல்லாம் எந்த டாக்டர் என்று சண்டை. இங்கே அட்டை வாங்கும்போதே குடும்ப டாக்டரையும் தேர்ந்தெடுக்க வேண்டும். மாப்பிள்ளை பார்ப்பது போலப் பேசினார்கள். ஸ்பினெல்லி அம்மாதான் நல்லவள், சந்தில் பாதிப் பேர் அவளிடம்தான், கை வைத்துப் பார்ப்பாள், ஆஸ்பத்திரிக்குத் தானே போன் போட்டு விரட்டுவாள் என்று முடிவாயிற்று. ஜன்னலில் கேட்டால் ஸ்பினெல்லியிடம் இடமே இல்லையாம், வரம்பு நிரம்பிவிட்டதாம். புதிதாக வந்த ஒருவர்தான் காலி. அவர் துறைமுகத்துக்கு அந்தப் பக்கம்.

"யாராவது விலகினாத்தான்," என்றார் ஜன்னல்காரர்.

நான் சரி, அந்தப் பக்கமே இருக்கட்டும் என்று வாயெடுத்தேன். சபீனோ என்னை மெதுவாக நகர்த்திவிட்டு முன்னால் வந்தான். "நான் விலகுறேன்."

"என்னது?"

"நான் ஸ்பினெல்லி அம்மாகிட்ட இருக்கேன். என்னை எடுத்துட்டு இவங்களைப் போடுங்க. இப்பவே, ஒரே மூச்சுல. நடுவுல எவனும் பூந்துடக் கூடாது."

இம்மா வாயைப் பிளந்தாள். ஸ்பினெல்லி அம்மாவை அவன் எவ்வளவு கொண்டாடுவான் என்று சந்துக்கே தெரியும். சிகரெட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாத ஒரே டாக்டர் அவள்தான். ஜன்னல்காரர் அவனையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், கம்ப்யூட்டரில் தட்டினார். அவன் பெயர் போயிற்று, என் பெயர் ஏறியது.

வெளியே வந்ததும், "எதுக்கு இப்படிப் பண்ணே?" என்றேன்.

"உங்க பேரை எடுத்த கை இது. கதவுல மட்டும் போட்டாப் போதுமா?" என்றான். சிகரெட்டைப் பற்றவைத்தான். "அந்தப் புது டாக்டர் ரொம்பக் கண்டிப்பாம். என் சாவு அவன் கையிலதான்."

தற்காலிகக் காகிதம் தந்திருக்கிறார்கள், அட்டை தபாலில் வரும். இரண்டு பக்கமும் பார்த்தேன். மடிக்க மனசு வரவில்லை, விரித்தபடியே தூக்கிக்கொண்டு சந்துக்குள் நடந்தேன். கண் படட்டும். எல்லோருடைய கண்ணும் படட்டும்!

ஜூன் 10, திங்கள்

ஸ்பினெல்லி அம்மா வயிற்றை அழுத்தினாள், நான் கத்தினேன். "இத்தனை வருஷமா எங்க போயிருந்தீங்க?" என்றாள்.

"இங்கதான் இருந்தேன், டாக்டர்."

சீட்டு எழுதினாள். அவசரம் என்று மேலே போட்டு அடிக்கோடிட்டாள். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு யாரையோ விரட்டினாள்.

ஜூலை 2, செவ்வாய்

தேதி கொடுத்துவிட்டார்கள். பதினெட்டாம் தேதி. என் பெயரைச் சரியாகக் கூப்பிட்டாள் ஆஸ்பத்திரி நர்ஸ். அதுவரை உருளைக்கிழங்குதான்.

ஜூலை 19, வெள்ளி

முடிந்தது. வயிற்றில் சின்னச் சின்ன ஓட்டைகள், அவ்வளவுதான். அந்த அவசரப் பிரிவுப் பையன் வார்டுக்கே வந்து, "சீட்டோட வந்தீங்களா!" என்றான். கற்களை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். இம்மா அதைக் கேட்கிறாள், சந்தில் காட்ட வேண்டுமாம்.

ஜூலை 22, திங்கள்

வீடு. செரஃபீனா சூப் கொண்டுவந்தாள். சுவரைத் தட்டிக் காட்டி, "இனிமே நடந்தா பாத்ரூமுக்குத்தான்னு நினைச்சுக்குவேன்," என்றாள். "நல்லாத் தூங்கு. நானும் தூங்கணும்."

தூங்கினோம்.

டிசம்பர் 7, சனி

நாளை இம்மாவின் பெயர் கொண்ட மாதாவின் திருநாள். வழக்கம்போல இன்றே பான்ட்செரொத்தி பொரிக்கத் தொடங்கிவிட்டாள். இந்த வருஷம் என் அடுப்பையும் கேட்டாள், இரண்டு சட்டி. நான் மடித்துக் கொடுக்க, அவள் அவள் வீட்டில் பொரிக்க, நான் இங்கே பொரிக்க, புகை சந்தின் இரண்டு முனையையும் அடைத்தது. ஸ்பினெல்லி அம்மா போன மாதமே சொல்லிவிட்டாள், என்ன வேண்டுமானாலும் தின்னலாம் என்று. எனக்குத்தான் தைரியம் வரவில்லை.

விசில் கேட்டது. சபீனோ என் வீட்டுக்குள் புயலாக நுழைந்து திரைக்குப் பின்னால் போனான். போகிற போக்கில் தட்டிலிருந்து ஒன்றையும் எடுத்துக்கொண்டான். அவனுடைய மூன்று சக்கர வண்டி சந்துமுனை வளைவின் குறுக்கே நிற்கிறது. ஒரு சவப்பெட்டிகூட நுழைய முடியாது.

வாசலில் காவலர் லத்தோரே. ஃபைல் இல்லை, அபராதப் புத்தகம்.

"வணக்கம், சிஞ்ஞோரா. சபீனோ தெதூல்லியோ இருக்காரா?"

"அப்படி யாரும் இங்க இல்லையே," என்றேன்.

யோசிக்கவே இல்லை. தோள் தானாக உயர்ந்தது, உதடு தானாகப் பிதுங்கியது. என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், அந்த முகத்தை நான் சபீனோவிடம் நாலு தடவை பார்த்திருக்கிறேன்.

லத்தோரே கதவில் இருந்த பித்தளைத் தகட்டைப் பார்த்தார். திரைக்குக் கீழே தெரிந்த ரப்பர் பூட்ஸைப் பார்த்தார். பிறகு என்னை.

"முதல் தடவை இந்த வாசல்ல இதே வார்த்தையைக் கேட்டேன்," என்றார். "உங்களைப் பத்தி."

"ஒண்ணு சாப்பிடுங்க. சூடா இருக்கு."

நின்றபடியே சாப்பிட்டார், நுனி விரலில் பிடித்து, தக்காளி சட்டையில் சிந்தாமல். கைக்குட்டையில் வாயைத் துடைத்துக்கொண்டு, "வண்டியை எடுக்கச் சொல்லுங்க," என்றார். "அந்த இல்லாத ஆள்கிட்ட."

அவர் போனதும் சபீனோ வெளியே வந்தான், வாய் நிறைய. தட்டில் பெரியதாக, நன்றாகச் சிவந்ததாகப் பார்த்து ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினான்.

கடித்தேன். நாக்கு சுட்டது, சீஸ் கயிறாக இழுத்தது. இம்மா தன் ஜன்னலில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி.

நான் இன்னொன்று எடுத்துக்கொண்டேன்.